பூவரசனின் வலது கை

மணிமொழியின் சீருடைப் பாவாடைப் பையில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது. வெல்லப் பாகில் கடலையைக் கொட்டி, சதுரமாக வெட்டி, பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய். பள்ளிக்கூடத்து இடைவேளையில்தான் அதைத் தின்ன வேண்டும் என்று மணிமொழி தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டிருந்தாள். இப்படிப்பட்ட சத்தியங்களை அவள் வழக்கமாகப் பள்ளிக்கூட வாசலைத் தொடுவதற்கு முன்பே மீறிவிடுவாள். அது வேறு விஷயம்.

அன்று மீறுவதற்கு வழியே இல்லை. அவள் நின்றுகொண்டிருந்தது பெரம்பலூரில், ஆயுதப்படைக் காவலர்களின் மைதானத்தில். அக்டோபர் இருபத்தொன்று, காவலர் வீரவணக்க நாள். பணியில் இருக்கும்போது உயிரிழந்த காவலர்களை நினைத்து, ஆண்டுதோறும் அந்த நாளில் காவலர்கள் கூடி நிற்பார்கள்.

எல்லாரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். ஈ பறந்தால்கூடக் கேட்கும். அந்த நேரம் பார்த்து மணிமொழியின் கை தானாகவே பைக்குள் போனது. 'சரக்' என்றது மிட்டாய்த் தாள்.

முன் வரிசையில் நின்ற அம்மா தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார். அதுவே போதுமாக இருந்தது. மணிமொழி சட்டென்று கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

அம்மாவின் பெயர் சசிகலா. தலைமைக் காவலர். 'ஏட்டம்மா' என்று சொன்னால்தான் அந்த மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பூட்டி வைக்கிற ஆயுதக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த காவலர் குடியிருப்பில்தான் வீடு. வீரவணக்க நாளில் குடியிருப்புப் பிள்ளைகளில் ஒருவர் பூத்தட்டு ஏந்தி நிற்பது வழக்கம். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு மணிமொழியின் முறை.

மௌனம் முடிந்தது. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று, வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டார்கள். குண்டு இல்லாத, வெறும் சத்தம் மட்டும் போடுகிற தோட்டாக்கள்தான். வேப்பமரத்துக் காக்கைகளுக்கு அது தெரியுமா? கத்திக்கொண்டே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றின. மணிமொழிக்குத் தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, காதைப் பொத்தவும் முடியவில்லை. தோள்கள் இரண்டையும் தூக்கிக் காதை மூடப் பார்த்தாள்.

பந்தலின் முன் வரிசையில் ஒரு சிறுவன் நின்றான். ஏழு வயது இருக்கும். அவன் காதைப் பொத்தவே இல்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவன் பெயர் பூவரசன். அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்திலிருந்து அம்மா சுகன்யாவோடு வந்திருந்தான். சற்று முன்பு ஓர் அதிகாரி பெயர்களை வாசித்தபோது, 'காவலர் கலைச்செல்வன்' என்ற பெயரும் வந்தது. அது அவன் அப்பா. மாசி மாதத்தில் ஒரு நாள், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பின்னால் வருகிற வண்டிகள் அதில் மோதிவிடக் கூடாதே என்று கலைச்செல்வன் சாலையில் நின்று கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். எல்லா வண்டிகளும் நின்றன. ஒரே ஒரு கார் மட்டும் நிற்கவில்லை.

"பூ எடுத்துக்குங்க அத்தை." மணிமொழி தட்டை நீட்டினாள்.

சுகன்யா கொஞ்சம் பூ எடுத்துத் தூணின் அடியில் வைத்தார். பூவரசன் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டான். குனிந்து பூவைப் போட்டவன் உடனே நிமிரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். 'கும்பிடுகிறான் போல' என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் சிக்கல் வந்தது.

"ஐயா, ஒண்ணு குறையுதுங்க," என்றார் மணிமொழியின் அம்மா.

இன்ஸ்பெக்டர் கொளஞ்சியப்பனின் பெரிய மீசை துடித்தது. "நல்லா எண்ணினீங்களா?"

"திரும்பத் திரும்ப எண்ணிட்டேன் ஐயா."

"யாருது?"

வரிசையின் கடைசியில் நின்ற இளம் காவலர் பிரசாத் ஓர் அடி முன்னால் வந்தார். "என்னுதுதான் ஐயா. புல்லுக்குள்ள போயிருக்கும். இதோ எடுத்துடறேன்."

விஷயம் இதுதான். துப்பாக்கி சுட்டதும் தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே தெறித்து விழும். காவலர்கள் அதை 'எம்ப்டி' என்பார்கள். கிடங்கிலிருந்து எத்தனை தோட்டா வாங்கினார்களோ, அத்தனை எம்ப்டியையும் பொறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுட்டவர்கள் யாரும் மைதானத்தை விட்டு நகரக் கூடாது. வழக்கமாகவே ஒன்றிரண்டு புல்லுக்குள் ஒளிந்துகொண்டு கண்ணாமூச்சி ஆடும். தேடினால் கிடைத்துவிடும்.

அன்றைக்குக் கிடைக்கவில்லை.

கால் தப்பாமல் கம்பீரமாக நடந்து வந்தவர்கள் எல்லாரும் இப்போது புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்குச் சட்டைப் பித்தான் கிடைத்தது. இன்னொருவருக்குப் பல் உடைந்த சீப்பு கிடைத்தது. இன்ஸ்பெக்டரே குனிந்து தேடிப் பார்த்தார். பிறகு, "யோவ், இடுப்பு பிடிச்சுக்கிச்சு, யாராச்சும் தூக்குங்க," என்று சத்தம் போட்டார். இரண்டு பேர் ஓடிப்போய் அவரை நிமிர்த்தினார்கள்.

மணிமொழியும் அம்மாவோடு சேர்ந்து தேடினாள்.

"கிடைக்கலைன்னா என்னம்மா ஆகும்?"

"ஏன் தொலைச்சேன்னு கேட்டு பிரசாத்துக்கு மெமோ குடுப்பாங்க. கிடங்கு என் பொறுப்புல இருக்கு, அதனால எனக்கும்தான்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "அதைக்கூடச் சமாளிச்சுக்கலாம். அந்தப் புள்ளைக்குப் பொண்ணு பொறந்திருக்கு, உடையார்பாளையத்துல. இன்னும் முகத்தைப் பாக்கல. இது முடிஞ்சதும் லீவுல போறதுக்குப் பையைக் கட்டி வச்சிருக்கான். பாவம்."

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். பிரசாத் அண்ணனின் தொப்பியில் புல் ஒட்டியிருந்தது. அவர் ஏற்கெனவே தேடிய இடத்திலேயே மறுபடியும் தேடிக்கொண்டிருந்தார்.

"நீ போயி அந்தத் தம்பி சாப்பிட்டானான்னு பாரு," என்றார் அம்மா. "அவங்களை பஸ் ஸ்டாண்டுல விடறதுக்கு வேன் வந்துடும். அப்புறம் நீயும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு."

பந்தலில் இலை போட்டுப் பொங்கலும் வடையும் கேசரியும் வைத்திருந்தார்கள். பூவரசனின் இலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"சாப்பிடுடா. அரியலூர் பஸ்ஸை விட்டா அப்புறம் எப்ப வரும்னு தெரியாது," என்று சுகன்யா கெஞ்சினார்.

பூவரசன் இடது கையை மெதுவாகக் கேசரியின் பக்கம் கொண்டு போனான்.

"என்ன பழக்கம் இது? சோத்துக் கையில எடு!"

"எனக்குப் பசிக்கலம்மா." அவன் இடது கையையும் இழுத்துக்கொண்டான்.

மணிமொழிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முந்திரிப்பருப்பு மிதக்கிற கேசரியை வேண்டாம் என்று சொன்ன குழந்தையை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. நன்றாகப் பார்த்தாள். பூவரசனின் வலது கை மடியில் இருந்தது. விரல்கள் ஐந்தும் இறுக மூடியிருந்தன.

அந்த நேரத்தில் ஓர் அதிகாரி பேச அழைத்ததால் சுகன்யா எழுந்து போனார். மணிமொழி போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையில என்ன, பட்டாம்பூச்சியா?"

பூவரசன் இல்லை என்று தலையாட்டினான்.

"பொன்வண்டா?"

"இல்ல."

"அப்படின்னா தேளுதான்."

பூவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேளா இருந்தா கொட்டாதாக்கா?" என்றவன், சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். "யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

மணிமொழி யோசித்தாள். காப்பாற்ற முடியாத சத்தியம் எதற்கு? அவளிடம்தான் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறதே. "உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்," என்றாள்.

பூவரசன் இரண்டு விரலை மட்டும் விலக்கிக் காட்டினான். உள்ளே பித்தளை பளிச்சென்றது.

மணிமொழி வாயைத் திறந்தாள். 'அம்மா, இதோ இங்க இருக்கு!' என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

"இது எங்கப்பா குடுத்தது," என்றான் பூவரசன்.

திறந்த வாயை மணிமொழி மூடிக்கொண்டாள்.

"அப்பா டூட்டி முடிஞ்சு வந்தா, நான்தான் அவரு பேண்ட் பைக்குள்ள கை விடுவேன். எப்பவும் ஏதாச்சும் இருக்கும். நெல்லிக்காய் இருக்கும். வறுத்த முந்திரிக்கொட்டை இருக்கும். ஒரு தடவை கல்லாப் போன நத்தை இருந்துச்சு. எங்க அரியலூர்ப் பக்கம் மண்ணுக்குள்ள கிடக்கும்ல, அது. ஒரு நாளு ஒண்ணுமே இல்ல, பஸ் டிக்கெட்டு மட்டும் இருந்துச்சு. அதைக்கூட வச்சிருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பா வரவே இல்ல." அவன் விரல்களை மறுபடியும் மூடிக்கொண்டான். "இன்னைக்கு அப்பா பேரைச் சொன்னாங்களா, டமார்னு சுட்டாங்களா, நான் பூ போடக் குனிஞ்சேன். என் கால்கிட்ட இது கிடந்துச்சு. சூடா இருந்துச்சுக்கா. அப்பா பையில இருந்து எடுக்கறப்ப அப்படித்தான் சூடா இருக்கும்."

மணிமொழி புல்வெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அம்மா மைதானத்தில்தான் இருக்கிறார். இரவு சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். இவனுடைய அப்பா வரமாட்டார். இதற்கு மேல் எப்படிக் கத்துவது? அவள் எழுந்து அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, ஒரே ஒரு எம்ப்டியை அப்படியே விட்டுட்டா என்ன? வெறும் பித்தளைக் கூடுதானே?"

அம்மா முழங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூடுதான் கண்ணு. ஆனா துப்பாக்கி எங்க கையில இருக்குல்ல? எத்தனை தடவை சுட்டோம், எதுக்குச் சுட்டோம்னு கேட்டா நாங்க பதில் சொல்லியாகணும். கூடுதானேன்னு இன்னைக்கு விட்டா, தோட்டாதானேன்னு நாளைக்கு விடத் தோணும். அதான் எதையும் விடறதில்ல." பிறகு மகளைக் கூர்ந்து பார்த்தார். "ஏன் கேக்குற?"

"சும்மாம்மா."

ஏட்டம்மாவிடம் 'சும்மா' எல்லாம் எடுபடாது. நல்லவேளை, அதற்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுவிட்டார்.

மணிமொழி மெதுவாகப் பந்தலுக்குத் திரும்பினாள். வழியெல்லாம் யோசனை. 'அது வெடிச்சிடும்' என்று பயமுறுத்தலாமா? அது பொய். 'போலீஸ் பிடிச்சுக்கும்' என்று சொல்லலாமா? அவன் போலீஸ் வீட்டுப் பிள்ளை. போலீஸ் பிடிக்கும் என்றால் ஓடிப்போய் இடுப்பில் ஏறிக்கொள்வான். பிடுங்கிக்கொண்டு ஓடலாமா? அதை நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில், ஒன்றும் தோன்றாமல்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பூவரசா, உங்கப்பா இந்த மைதானத்துக்கு வந்திருக்காரா?"

"ஓ, வந்திருக்காரே!" அவன் முகம் மலர்ந்தது. "போன வருசம் இதே மாதிரி இங்க வந்து சுட்டாரு. அதோ, அந்த அண்ணன் நிக்கிற எடத்துலதான் நின்னாராம்." அவன் இடது கையால் பிரசாத்தைக் காட்டினான்.

"சுட்டு முடிச்சுட்டு உடனே வூட்டுக்கு வந்துட்டாரா?"

"இல்லக்கா, அன்னைக்கு ரொம்ப லேட்டு. நான் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன். சோறு ஆறிப்போச்சுன்னு அம்மா திட்டுச்சு. அப்பா பேண்டு முட்டியெல்லாம் மண்ணு. எங்க போயி விளையாடிட்டு வரீங்கன்னு அம்மா கேட்டுச்சு. அதுக்கு அப்பா..."

பூவரசன் பாதியில் நின்றான். புல்லில் தவழ்கிறவர்களைப் பார்த்தான். அவர்களுடைய முழங்கால்களைப் பார்த்தான்.

மணிமொழிக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ தேடினோம்னு சொன்னாரு," என்றான் பூவரசன் மெல்ல.

"கிடைச்சுதாமா?"

"அப்பாதான் கண்டுபிடிச்சாராம். தூணுக்குப் பின்னால கிடந்துச்சாம்."

"உனக்கு எடுத்துட்டு வந்தாரா?"

பூவரசன் வலது கையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. குடுத்துட்டாரு," என்றான். "அன்னைக்குப் பையில முறுக்குதான் இருந்துச்சு. உடைஞ்சுபோன முறுக்கு."

பிறகு அவனே கேட்டான். "அந்த அண்ணன் ஏன்க்கா அழுவுற மாதிரி இருக்காரு?"

"அவருக்குப் பாப்பா பொறந்திருக்கு. இன்னும் போய்ப் பாக்கல. இது கிடைச்சாத்தான் போக முடியும்."

"பாப்பா வாசல்ல நிக்குமா?"

"பொறந்த பாப்பா எப்படிடா நிக்கும்? படுத்துக்கிட்டே காத்திருக்கும்."

பூவரசன் தலையாட்டினான். வாசலில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நான் குடுத்துடறேன்," என்றான். உடனே அவன் உதடு பிதுங்கியது. "ஆனா குடுத்துட்டா... எனக்கு எதுவுமே இருக்காதுக்கா."

மணிமொழி தன் பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். 'சரக்' என்றது தாள். மிட்டாயை எடுத்து நீட்டப் போனவள், அப்படியே நின்றாள். கையில் கொடுத்தால் அது வெறும் கடலை மிட்டாய். கடையில்கூட அது கிடைக்கும்.

"நீ இங்கேயே இரு," என்று அவள் குதித்து எழுந்தாள். "நான் கை காட்டினதும் வா. எங்கம்மாகிட்ட நேரா வரணும்."

அம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்று முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். மணிமொழி ஓடிப்போய், "நான் தட்டி விடறேம்மா," என்று அம்மாவின் காக்கி பேண்ட்டைத் தட்டினாள். முன்னால் தட்டினாள், பின்னால் தட்டினாள், பக்கவாட்டிலும் தட்டினாள்.

"என் பையில என்னடி போட்ட?" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

மணிமொழி எம்பி அம்மாவின் காதில் சொன்னாள். "எம்ப்டி வரும்மா. அதைக் கையில வாங்காத. பையில போடச் சொல்லு. எங்க எடுத்த, ஏன் எடுத்தன்னு எதுவும் கேக்காத. ப்ளீஸ்மா."

அம்மா மகளைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். அங்கே சின்னக் கை ஒன்று இறுக மூடியிருப்பதைப் பார்த்தார். பிறகு விறைப்பாக நிமிர்ந்து நின்றார்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. "பூவரசா, கிளம்பலாம் வாடா," என்று சுகன்யா கூப்பிட்டார். மணிமொழி கையை ஆட்டினாள்.

பூவரசன் வேன் பக்கம் போகவில்லை. மைதானத்தைக் கடந்து நேராக வந்தான். தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவன் சசிகலாவின் முன்னால் வந்து நின்று, கால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான். வலது கை மூடியிருந்ததால் இடது கையால் அடித்தான். அதற்காக யாரும் அவனைக் கோபிக்கவில்லை.

பிறகு வலது கையைத் திறந்தான். நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்த தடம் பதிந்திருந்தது. அதன் நடுவே எம்ப்டி.

"இது தூணுகிட்டக் கிடந்துச்சு," என்றான். "கிடைச்சா எங்கப்பாவும் குடுத்துடுவாரு."

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க வந்தார். ஏட்டம்மா அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"எனக்குக் கையெல்லாம் மண்ணு சாமி," என்றார் சசிகலா. "நீயே என் பையில போட்டுடு."

பூவரசன் அண்ணாந்து பார்த்தான். காக்கித் துணியைத் தொட்டான். பிறகு மெதுவாகப் பைக்குள் கையை விட்டான். எம்ப்டியைப் போட்டான்.

கை உடனே வெளியே வரவில்லை. உள்ளே எதையோ தேடியது. 'சரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூவரசனின் கண்கள் பெரிதாயின.

வெளியே வந்த கையில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது.

அவன் மிட்டாயைப் பார்த்தான். ஏட்டம்மாவைப் பார்த்தான். மணிமொழியைப் பார்த்தான். மணிமொழியோ, அப்போதுதான் காக்கையையே முதன்முதலாகப் பார்க்கிறவளைப் போல வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருந்துச்சு," என்றான் பூவரசன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இருக்கும்ல," என்றார் சசிகலா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண் கை பட்டு முகமெல்லாம் மண்ணானது. அதை அவர் கவனிக்கவில்லை.

சுகன்யா ஓடி வந்து மகனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். மகன் காக்கிப் பைக்குள் கை விட்டு நிற்பதைக் கண்டதும் அவர் பாதி தூரத்திலேயே அழத் தொடங்கியிருந்தார்.

பிரசாத் வந்து பூவரசனின் முன்னால் உட்கார்ந்தார். நன்றி சொல்லத்தான் வந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. "உங்கப்பாதான் எனக்கு இந்த ட்ரில்லைக் கத்துக் குடுத்தாரு தம்பி," என்றார்.

"பாப்பாவுக்குப் பையில ஏதாச்சும் எடுத்துட்டுப் போங்க," என்றான் பூவரசன் பெரிய மனிதனைப் போல. "வெறும் பையோட போவாதீங்க."

"சரி தம்பி."

"கடலை மிட்டாய் வேணாம். பல்லு இருக்காது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்த வேகத்தில் இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது.

வேன் கிளம்பியது. கேட் வரைக்கும் போனது. அங்கே போய் நின்றுவிட்டது. கதவு திறந்தது. பூவரசன் இறங்கி ஓடி வந்தான். அவனுடைய கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மிட்டாய் மணம் அவனுக்கு முன்னால் வந்தது.

"என்ன சாமி, எதையாச்சும் மறந்துட்டியா?" என்றார் சசிகலா.

பூவரசன் மடித்த மிட்டாய்த் தாளை அவருடைய காக்கிப் பைக்குள் திணித்தான்.

"திருப்பிக் குடுக்கணும்ல?" என்றான் வாய் நிறைய மிட்டாயோடு. "இல்லன்னா உங்களுக்கு ஒண்ணு குறையும்."

சொல்லிவிட்டு வந்த வேகத்தில் ஓடிவிட்டான். வேன் ஜன்னலில் சுகன்யா சிரித்துக்கொண்டிருந்தார். கண் நனைந்திருந்தது. ஆனாலும் நன்றாகவே சிரித்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

துப்பாக்கிகள் கிடங்குக்குப் போயின. பிரசாத் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஏறக்குறைய ஓடினார். மணிமொழியும் புத்தகப் பையை மாட்டிக்கொண்டாள். இடைவேளைக்கு இனி வெறும் தண்ணீர்தான். ஆனால் அதை நினைத்து அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை. சரி, துளி இருந்தது. அதற்கு மேல் இல்லை.

"போயிட்டு வரேம்மா."

"இரு," என்றார் அம்மா. "அந்தப் பையன் என் பையில குப்பையைப் போட்டுட்டுப் போயிட்டான். எடுத்துக் கூடையில போட்டுட்டுப் போ."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மணிமொழி பைக்குள் கையை விட்டுத் தாளை வெளியே எடுத்தாள். வெறும் தாளுக்கு அது கொஞ்சம் கனமாக இருந்தது. பிரித்தாள்.

உள்ளே பாதிக் கடலை மிட்டாய் இருந்தது. ஓரத்தில் சின்னப் பல் தடம்.

இந்த முறை மணிமொழி எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அங்கேயே, அம்மாவின் பக்கத்திலேயே நின்று, நிதானமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.